ஊர் தந்த சொல்லும் பிள்ளையின் சொல்லும்: புகழ்பெற்ற கலைஞரின் மகவாய் வளர்தல்



புகழ்பெற்ற கலைஞர் ஒருவரின் பிள்ளையாய் வளர்வது எத்தகையது என்பதே இன்றைய உரையின் பொருள். மொழி வளர்க்கும் மன்றத்தில் இப்பொருளுக்கு என்ன இடம் என்று நீங்கள் எண்ணக்கூடும். அதற்கு விடையாக, நம் வகுப்பறையில் நிகழ்ந்த ஒன்றை முதலில் கூற விரும்புகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் ஒரு மாணவி பயின்றாள். அவள் தந்தை மேடைப் பாடகர். ஊரில் அவரை அறியாதார் இலர். பள்ளியில் எந்த விழா நடந்தாலும் கடவுள் வாழ்த்துப் பாட அவளையே அழைப்போம். பாடுவதில் அவளுக்கு விருப்பம் உண்டா என்று ஒருமுறையேனும் நாம் கேட்டதில்லை. ஒருநாள் 'என் தந்தை' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தோம். ஏனைய மாணவர்கள் தம் தந்தையர் எதற்குச் சினப்பார், எந்தக் குழம்பை விரும்பி உண்பார், உறங்கும்போது எப்படிக் குறட்டை விடுவார் என்றெல்லாம் எழுதியிருந்தனர். அவள் கட்டுரையோ, நாளிதழில் அவரைப் பற்றி வெளிவந்த செய்தியைப் போலவே இருந்தது. பட்டங்கள், பாராட்டுகள், மேடைகள் அனைத்தும் வரிசையாய் இடம்பெற்றிருந்தன. ஓர் எழுத்துப் பிழையும் இல்லை. வகுப்பிலேயே உயர்ந்த மதிப்பெண்ணை அதற்கு வழங்கினோம்.

அக்கட்டுரையில் அவள் தந்தை இல்லை என்பது நமக்குப் பின்னாளில்தான் உறைத்தது. அவரைப் பற்றி ஊரார் பேசிய சொற்களே அதில் இருந்தன. தன் தந்தையைச் சொல்லத் தனக்கென ஒரு சொல்லும் இன்றி ஒரு குழந்தை நின்றிருக்கிறது. மொழி கற்பிக்கும் நாம் அதைக் காணாமல் மதிப்பெண் இட்டிருக்கிறோம்.

ஆகவே இன்று நாம் முன்வைக்கும் கருத்து ஒன்றே. புகழ்பெற்றவரின் பிள்ளைக்கு, அவன் பேசக் கற்கும் முன்பே, தன் பெற்றோரைப் பற்றிய சொற்களை ஊர் ஆக்கி வைத்துவிடுகிறது. அச்சொற்களை விலக்கி, தன் கண் கண்டதைத் தன் சொல்லால் சொல்லும் நாளில்தான் அவன் தனி மனிதனாகிறான். இதை விளக்க, சார்லி சாப்ளின் குடும்பத்தின் வரலாற்றை எடுத்துக்கொண்டோம். சாப்ளினை உலகமே அறியும். அவரும் கலைஞர்களின் பிள்ளையாய்ப் பிறந்தவர். பிறகு பதின்மருக்கு மேல் பிள்ளைகளைப் பெற்றவர். அவர் பிள்ளைகளுள் சிலர் தம் தந்தையைப் பற்றி எழுதியும் உள்ளனர். பிள்ளையாகவும் தந்தையாகவும் ஒரே மனிதரை நோக்க இவ்வரலாறு இடம் தருகிறது.

பெயரின் சுமை

தந்தையின் பெயரை முதலெழுத்தாகத் தாங்குவது தமிழர் வழக்கம். சிங்கப்பூர் அடையாள அட்டைகளில் பலருடைய பெயருக்கும் தந்தையின் பெயருக்கும் நடுவே 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்னும் எழுத்துகள் நிற்பதை நாம் அறிவோம். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பது நம்மில் எவருக்கும் புதிதன்று. பெரும்பாலோர்க்கு அது வெறும் குறிப்பு. புகழ்பெற்றவரின் பிள்ளைக்கோ அதுவே முழுப்பெயராகிவிடுகிறது.

வள்ளுவர் மக்கட்பேற்றைப் பேசுமிடத்தில், பிள்ளையைக் கற்றோர் நடுவே முன்னிற்கத் தக்கவனாக்குவதைத் தந்தையின் கடனாகக் காட்டுகிறார். இத்தகைய மகனைப் பெற இவர் என்ன தவம் செய்தாரோ எனப் பிறர் வியக்க நடப்பதை மகனின் கடனாகக் காட்டுகிறார். மகனால் தந்தைக்குப் பெருமை வந்து சேர்வதை நாம் இங்கே கருத வேண்டும். கலைஞரின் பிள்ளைக்கு இவ்வொழுங்கு தலைகீழாகிறது. அவன் ஒன்றும் செய்யாத முன்னரே பெருமை வந்து வாயிலில் நிற்கிறது. ஈட்டாத பெருமையை எவ்வாறு செலவிடுவது என்று அவனுக்கு எவரும் கற்பிப்பதில்லை.

சாப்ளின் குடும்பத்தில் மூன்று தலைமுறையினர் ஒரே பெயரைத் தாங்கினர். முதல் சார்ல்ஸ் சாப்ளின், இலண்டன் நகரின் 'மியூசிக் ஹால்' அரங்குகளில் பாடியவர். அவர் உருவம் அச்சிட்ட பாடல் தாள்கள் கடைகளில் விற்கப்பட்டன. குடிப்பழக்கத்தால் நலிந்து 1901-இல், 38 வயதில் மறைந்தார். இரண்டாமவர் நாம் அறிந்த சார்லி. மூன்றாமவர் சார்லியின் மூத்த மகன். அவரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

தாயின் சாளரம்

சார்லி சாப்ளின் 1889 ஏப்ரல் 16-ஆம் நாள் பிறந்தார். அவர் தாய் ஹன்னாவும் அரங்கப் பாடகியே. லில்லி ஹார்லி என்பது அவர் மேடைப்பெயர். பெற்றோர் விரைவிலேயே பிரிந்தனர். தாயின் குரலும் நலிந்துகொண்டே வந்தது.

சார்லிக்கு ஐந்து வயதானபோது, படைவீரர் மிகுந்த ஆல்டர்ஷாட் என்னும் ஊரில் தாய் பாடினார். பாடும்போதே குரல் உடைந்தது. அவையோர் கூச்சலிட்டனர். அரங்கப் பொறுப்பாளர் சிறுவனைக் கைப்பிடித்து மேடையில் நிறுத்தினார். அவன் பாடினான், மேடையில் நாணயங்கள் விழுந்தன. பொறுக்கிவிட்டுத்தான் பாடுவேன் என்று அவன் சொல்ல, அவை சிரித்தது. பின்னர்த் தாயின் பாடல் ஒன்றைப் பாடினான். கள்ளமின்றித் தாயின் குரல் உடைந்ததையும் அவ்வாறே செய்து காட்டினான். அவை மேலும் சிரித்தது. தம் முதல் மேடையும் தாயின் இறுதி மேடையும் அந்த ஓர் இரவே என்று, 1964-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் சாப்ளின் எழுதுகிறார்.

இந்நிகழ்ச்சியைச் சற்றே ஊன்றி நோக்குவோம். தாயை விரட்டிய அதே குரலுடைவு, மகனுக்குக் கைதட்டலை வாங்கித் தந்தது. புகழ் கலைஞரின் பிள்ளைக்கு எத்தகைய கணக்கை விட்டுச் செல்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பின்வந்த ஆண்டுகள் துயரம் நிறைந்தவை. 1896-இல் தாயும் பிள்ளைகளும் லாம்பெத்தில் வறியோர் இல்லத்தில் புகலடைந்தனர். தாயின் மனநலம் குன்றியது. மனநல மருத்துவமனையில் அவரைச் சேர்க்க நேர்ந்தது. ஊரார் கண்ணில் ஹன்னா, குரலை இழந்து மறக்கப்பட்ட பாடகி. அவரைச் சொல்ல ஊரிடம் வேறு சொல் இல்லை.

மகனிடம் வேறு சொல் இருந்தது. தாய் சாளரத்தின் அருகே அமர்ந்து, தெருவில் செல்வோரின் நடையையும் முகக்குறிப்பையும் கூர்ந்து நோக்கி, அவர் மனநிலையை நடித்துக் காட்டுவார் என்பதைச் சாப்ளின் நன்றியோடு பதிவு செய்துள்ளார். மனிதரை உற்றுநோக்கும் கலையைத் தாயிடமே கற்றதாக அவர் கூறினார். 1914-இல் திரையில் தோன்றிய நாடோடி வேடத்தின் நடையை உலகம் கண்டு வியந்தது. அதற்கு வேர் வறிய அறை ஒன்றின் சாளரத்தருகே இருந்தது. 1921-இல் தாயைக் கலிஃபோர்னியாவுக்கு வரவழைத்தார் சாப்ளின். அங்கேயே 1928-இல் அவர் மறைந்தார். ஊர் கைவிட்ட கலைஞரை, மகனின் சொல் ஆசிரியராக நமக்கு மீட்டுத் தந்தது.

1932-ஆம் ஆண்டு

பிள்ளையாய்த் துன்புற்றவர் தந்தையானபோது என்ன செய்தார்? இவ்வினாவுக்கு விடை தேடும்போது நம் சிங்கப்பூரும் இடையே வருகிறது.

லிட்டா கிரே என்னும் நடிகையை மணந்த சாப்ளினுக்கு, 1925-இல் சார்ல்ஸும் 1926-இல் சிட்னியும் பிறந்தனர். 1927-இல் மணமுறிவு ஏற்பட்டது. குடும்பத்தின் உட்பூசல்கள் அனைத்தும் செய்தித்தாள்களில் தலைப்பாயின. நடக்கப் பழகும் வயதிலேயே அவ்விரு சிறுவரும் ஊர்ப்பேச்சுக்குப் பொருளாயினர்.

1932-இல் சாப்ளின் தம் அண்ணன் சிட்னியோடு கீழை நாடுகளில் பயணம் செய்தார். பாலித் தீவுக்குச் சென்ற அப்பயணத்தில் சிங்கப்பூரிலும் தங்கினார். ஜாலான் புசாரில் அந்நாளில் இருந்த நியூ வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் சீன நாடகம் ஒன்றைக் கண்டார். நடித்தவர்கள் இளஞ்சிறார். நாடகம் மூன்று இரவுகள் நீண்டது. இளவரசனாக வேடமேற்றவள் பதினைந்து வயதுச் சிறுமி. அச்சிறாரின் திறமையையும் பயிற்சியையும் தம் தன்வரலாற்றில் அவர் போற்றியுள்ளார். ஆகவே, சிறார் மேடையேறுவதையே வெறுத்தவர் அல்லர் அவர்.

அதே ஆண்டில், அவர் ஊர் திரும்பிய பின், தம் இரு மகன்களும் திரைப்படத்தில் நடிக்க இருப்பதை அறிந்தார். தாய் அதற்கு ஒப்பந்தம் செய்திருந்தார். சாப்ளின் நீதிமன்றத்தை நாடித் தடை பெற்றார். ஐந்து வயதில் மேடையில் நிறுத்தப்பட்ட மனிதர், ஏழு வயதும் ஆறு வயதும் ஆன தம் பிள்ளைகளைத் திரையில் நிறுத்த மறுத்தார்.

அவர் அச்சம் வீணன்று என்பதை ஜாக்கி கூகனின் வாழ்க்கை காட்டியது. சாப்ளினின் 'தி கிட்' என்னும் 1921-ஆம் ஆண்டுப் படத்தில் உலகையே உருக்கிய சிறுவன் அவன். அவனும் மேடைக் கலைஞர் ஒருவரின் மகனே. சிறுவயதில் ஈட்டிய பெரும்பொருள், அவன் வளர்ந்து ஆளானபோது கையில் இல்லை. 1938-இல் தன் தாய்மீதும் அவர் மறுமணம் செய்துகொண்ட கணவர்மீதும் வழக்குத் தொடுத்தான். அதன் விளைவாக 1939-இல், சிறார் நடிகரின் வருவாயில் ஒரு பகுதியைக் காக்கும் சட்டம் கலிஃபோர்னியாவில் இயற்றப்பட்டது. அச்சட்டம் இன்றும் அவன் பெயராலேயே வழங்குகிறது.

மூன்று நூல்கள்

மூத்த மகன் சார்ல்ஸின் நிலைக்கு வருவோம். தந்தையின் பெயரே அவர் பெயர். எந்த அவையிலும் அவர் தம் பெயரைச் சொன்ன நொடியில், கேட்போர் கண்முன் வேறொருவர் நின்றார். அவரும் நடிகரானார், தந்தைக்கு நிகராகப் பேசப்படவில்லை. 1960-இல் எழுத்தாளர் இருவரின் துணையோடு 'என் தந்தை சார்லி சாப்ளின்' என்று பொருள்படும் நூலை வெளியிட்டார். தலைப்பின் முதற்சொல்லை மாணவர்கள் கவனிக்க வேண்டும். சார்லி சாப்ளின் என்பது உலகத்தின் சொல். 'என்' என்பது மகனின் சொல். வேலையில் மூழ்கிவிடும் தந்தை, விடுமுறையில் பிள்ளைகளுக்காக நடித்துக் காட்டும் தந்தை, சினமும் அன்பும் மாறிமாறி வரும் தந்தை ஆகியோரை அந்நூலில் காண்கிறோம். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 42 வயதில் அவர் மறைந்தார். நூல் எழுதியதால் சுமை முழுதும் நீங்கியது என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அவர் விட்டுச்சென்றவற்றுள் தந்தையின் நிழலில் மறையாதது அந்நூலே.

இரண்டாவது நூலின் வரலாறு வேறு வகையானது. 1943-இல் ஊனா ஓனீலை மணந்த சாப்ளினுக்கு எட்டுப் பிள்ளைகள் பிறந்தனர். அவருள் மூத்த மகன் மைக்கேல், 1946-இல் பிறந்தவர். 1952-இல் சாப்ளின் இங்கிலாந்துக்குக் கப்பலேறியதும் அமெரிக்கா அவருக்கு மறுநுழைவை மறுக்க, குடும்பம் சுவிட்சர்லாந்தில் குடியேறியது. 1957-இல் தந்தையின் படத்தில் நடித்த மைக்கேல், இளைஞரானதும் வீட்டைவிட்டு வெளியேறி இலண்டனில் வாழ்ந்தார். அரசின் உதவித்தொகையை அவர் பெற்றது செய்தித்தாள்களுக்கு விருந்தாயிற்று. பணத்தேவை காரணமாகத் தன்வரலாறு ஒன்றுக்கு ஒப்பந்தமிட்டார். அவர் சொல்லக் கேட்டு எழுதியவர்கள் வேறிருவர். எழுதி முடிந்ததைப் படித்தபின் அதை ஏற்க அவர் மனம் ஒப்பவில்லை. 21 வயது நிரம்பாத தம்மை அவ்வொப்பந்தம் கட்டுப்படுத்தாது என்று வழக்குத் தொடுத்தார். எழுத்தால் வாழ்வை ஈட்ட அது அவருக்கு நன்மை தரும் என்று கருதி, மேல்முறையீட்டு நீதிபதிகளுள் பெரும்பான்மையோர் ஒப்பந்தம் செல்லும் என்றனர். ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார். 1966-இல் நூல் வெளிவந்தது. சட்ட மாணவர்கள் இவ்வழக்கை இன்றும் பயில்கின்றனர்.

மொழி பயில்வோராகிய நாமும் இதைப் பயில வேண்டும். நூலின் அட்டையில் அவர் பெயர்; உள்ளே பிறர் சொற்கள். நம் மாணவியின் கட்டுரையும் அத்தகையதே. வேறுபாடு ஒன்றுண்டு: மைக்கேல் 'இவை என் சொற்கள் அல்ல' என்று அறிந்து எதிர்த்து நின்றார். நம் மாணவிக்கு அவ்வாறு அறியவும் நாம் இடம் தரவில்லை.

மூன்றாவது, நாடக நூல். ஊனாவின் தந்தை யூஜின் ஓனீல், 1936-இல் நோபல் பரிசு பெற்ற நாடக ஆசிரியர். அவரும் புகழ்பெற்ற நடிகரின் மகனே. அவர் தந்தை ஜேம்ஸ் ஓனீல், மாண்டி கிறிஸ்டோ பிரபுவாக ஆயிரக்கணக்கான முறை மேடையேறியவர். மக்கள் அந்த ஒரு வேடத்தையே மீண்டும் மீண்டும் கேட்டனர். ஊர் ஊராகப் பயணம் நீண்டது. மகன் பிறந்ததே 1888-இல் நியூயார்க் நகரின் தங்கும் விடுதி ஒன்றில். தந்தையின் கைதட்டலுக்குப் பின்னே வீட்டில் நிலவிய துயரத்தை நாடகமாக்க, ஐம்பது வயதைக் கடக்கும்வரை அவர் காத்திருந்தார். 1941-இல் எழுதி முடித்த அந்நாடகத்தைத் தம் வாழ்நாளில் வெளியிடவே இல்லை. அவர் மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின், 1956-இல் அது வெளிவந்தது. சில பிள்ளைகளுக்குத் தம் சொல் கிடைக்க அரை நூற்றாண்டு ஆகும்; அவசரப்படுத்தக் கூடாது.

இதில் ஒரு வருத்தமும் உண்டு. தம் தந்தையைப் புரிந்துகொள்ள இத்துணை உழைத்தவர், பதினெட்டு வயதில் சாப்ளினை மணந்த மகள் ஊனாவை ஒதுக்கினார்; அதன்பின் அவளைச் சந்திக்கவே இல்லை. ஆயினும் 1953-இல் பிறந்த மகனுக்கு ஊனாவும் சாப்ளினும் இட்ட பெயர் யூஜின்.

சொல்லாமல் சொல்லுதல்

தன் சொல் என்பது எழுத்தாகத்தான் அமைய வேண்டும் என்பதில்லை. சாப்ளினின் மகள் ஜெரால்டின் நடனம் பயின்று, நடிகையானார். 1992-இல் சாப்ளினின் வாழ்க்கை திரைப்படமானபோது அவர் ஏற்ற வேடம், தம் பாட்டி ஹன்னா. ஆல்டர்ஷாட்டில் குரல் உடைந்த அப்பாடகியைப் பேத்தியே நமக்கு நடித்துக் காட்டினார். மற்றொரு மகள் விக்டோரியா கணவரோடு சிறு வட்டரங்கை நடத்தினார். வழக்காடிய மைக்கேல், பின்னாளில் தந்தை வாழ்ந்த சுவிட்சர்லாந்து இல்லம் அருங்காட்சியகமாவதற்குத் துணைநின்றார். 2016-இல் அது திறக்கப்பட்டது. எதிர்த்தவரும் திரும்பி வந்தார். வந்தபோது, இன்னாரின் மகன் என்று அழைத்து வரப்பட்டவராக அன்றி, தாமே வந்தார்.

இவர்கள் தந்தையிடமிருந்து பெற்ற உண்மையான உடைமை யாது? புகழ் என்றால், அது பிரித்துக் கொடுக்க இயலாத பொருள். இவர்கள் பெற்றது வேலைமுறை. உற்றுநோக்குதல், திரும்பத் திரும்பப் பயிலுதல், ஒரு காட்சி அமையும்வரை விடாதிருத்தல் ஆகியவற்றைப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே கண்டனர். ஊரார் காணும் மேடையைவிட, ஊரார் காணாத பயிற்சியே பிள்ளைக்குரிய செல்வம்.

வகுப்பறைக்கு மூன்று வேண்டுகோள்

ஆசிரியர்களுக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். நம் வகுப்புகளில் திரைப்புகழ் பெற்றோரின் பிள்ளைகள் அரியர். ஆனால் வானொலி அறிவிப்பாளரின் மகள், உருமி மேள ஆசானின் மகன், மேடைப் பேச்சாளரின் பெயர்த்தி ஆகியோர் உள்ளனர். ஊர் சிறிதாயின் சிறுபுகழும் பெருஞ்சுமையே.

முதலாவது, மாணவரை அவர் பெயராலேயே அவையில் அறிமுகம் செய்யுங்கள். தந்தையின் பெயரைச் சொல்வதும் சொல்லாததும் மாணவரின் உரிமையாகட்டும்.

இரண்டாவது, பெற்றோரைப் பற்றிக் கட்டுரை எழுதப் பணிக்கும்போது, 'உனக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை எழுது' என்று கேளுங்கள். பட்டியலை எவரும் எழுதலாம்; அந்த ஒன்றை அப்பிள்ளையைத் தவிர எவராலும் எழுத முடியாது. எல்லா மாணவர்க்கும் இது நல்ல மொழிப்பயிற்சியாகும்.

மூன்றாவது, எழுத விரும்பாத பிள்ளைக்கு வேறு தலைப்புக் கொடுங்கள். மௌனமும் அவர் உரிமை.

நம் மாணவியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். மறு ஆண்டு 'விடுமுறை நாள்' என்னும் தலைப்பில் எழுதச் சொன்னோம். தந்தையைப் பற்றி நாம் கேட்கவே இல்லை. அவளோ அவரைப் பற்றியே எழுதினாள். கச்சேரிக்கு முதல் நாள் அப்பா பேசமாட்டார். குரலுக்கு ஓய்வு வேண்டும். எது வேண்டுமானாலும் தாளில் எழுதிக் காட்டுவார். 'வெந்நீர்', 'விசிறியை நிறுத்து', 'பாப்பா சாப்பிட்டாளா' என்று சிறுசிறு தாள்கள். அவற்றையெல்லாம் அவள் பொறுக்கி, பிஸ்கட் டின் ஒன்றில் சேர்த்து வைத்திருந்தாள். கட்டுரையில் ஐந்தாறு எழுத்துப் பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்தச் சிவப்பு மையை எடுத்த நாம், நெடுநேரம் அத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஊரார் ஆயிரம் முறை கேட்ட குரலை அவள் குறிப்பிடவே இல்லை. அவர் பேசாதிருந்த நாளைத் தன் சொல்லால் எழுதியிருந்தாள்.

அத்தகைய சொல் பிறக்க இடம் தருவதே மொழியாசிரியரின் பணி என்று கூறி அமைகிறோம்.